ஒன்பது மணிக்கு நீளும் கைகள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம், நிலக்கரியை நம்பிப் பிழைத்த கார்ன்மூர் என்ற சிற்றூரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளி மணி அடித்ததும் ஊராரின் கைகள் எழுந்தன. ரொட்டிக்கடை லோரிமர் அம்மாளின் கைகள் அடுப்பு வாயிலிருந்து எழுந்தன, முடிதிருத்துபவரின் கைகள் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தன, நாற்காலியில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த வங்கி மேலாளரின் கைகள் போர்வைத் துணிக்குள்ளிருந்து எழுந்தன, மணியோசை எட்டாத சுரங்கத்தின் ஆழத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்றவர்களின் கைகளும் எழுந்தன. ஒரு கை மேலே, மறு கை அதற்குத் தாங்கலாக அடியில், இரண்டு உள்ளங்கைகளும் கூரையைப் பார்த்தபடி மார்புக்கு நேரே நீண்டு நின்றன. ஒரு தோத்திரப் பாட்டைப் பாடி முடிக்கும் நேரம் அப்படியே நின்றுவிட்டு, தாமாகவே இறங்கின. லோரிமர் அம்மாளின் ரொட்டி கருகிப்போயிருந்தது. இது என்ன நிலை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த ஊரில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் அது தெரியும்.

அது அடி வாங்கும் நிலை. இங்கிலாந்துப் பள்ளிகளில் பிரம்பு. ஸ்காட்லாந்தில் தோல்வார், நுனியில் இரண்டாகவோ மூன்றாகவோ கிழித்துவிட்ட தடித்த வார். ஒரு கையின்மேல் மறு கையை வைக்கச் சொன்னது, கை பின்வாங்காமல் இருக்கவும் அடி முழுதாக விழவும். சுரங்கக் குதிரைகளுக்குச் சேணம் தைத்த குடும்பங்கள், குதிரைகள் போன பிறகு ஆசிரியர்களுக்கு வார் தைத்துப் பிழைத்தன. கனமானது, நடுத்தரம், லேசானது என்று வகைகள் இருந்தன. புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர் கடைக்குப் போய்க் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்கிவருவார். கோட்டுக்குள்ளே தோள்மேல் மடித்துப் போட்டுக்கொள்வது வழக்கம். உடம்புச் சூட்டில் தோல் பதமாக இருக்கும்.

முன்னொரு காலத்தில் அந்த நாட்டில் எல்லோரையும் அடித்தார்கள். மாலுமியை அடித்தார்கள், சிப்பாயை அடித்தார்கள், கைதியை அடித்தார்கள், வேலைக்காரனை அடித்தார்கள், பள்ளிப் பிள்ளையை அடித்தார்கள். காலம் போகப்போக மனம் மாறி ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். மாலுமியை விட்டார்கள், சிப்பாயை விட்டார்கள், கடைசியில் சிறையில் இருந்த கைதியையும் விட்டார்கள். இந்தக் கதை நடந்தபோது சட்டத்தின் அனுமதியோடு அடிக்கத்தக்கவர்களாக அங்கே மிஞ்சியிருந்தது பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான்.

கைகள் எழுவதற்கு முந்தின நாள் சுகிர்தா தன் கைகளை நீட்ட மறுத்திருந்தாள்.

அவள் ஊர் டாக்டரின் மகள், பதினைந்து வயது. தாய் டாக்டர் புவனேசுவரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கார்ன்மூரின் பாதிப் பிள்ளைகள் பிறந்து முதலில் தொட்டது அவர் கையைத்தான். தந்தை வடகடலில் எண்ணெய் மேடையில் இஞ்சினியர், எப்போதாவது வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை பூகோள வகுப்பில் ஒரு வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. ஆசிரியர் டன் அந்த வரிசையை எழுப்பி நிறுத்தி வாரை எடுத்தார். மற்றவர்கள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, ஊதிக்கொண்டே உட்கார்ந்தார்கள். சுகிர்தாவின் முறை வந்தபோது அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். சிரித்தது உண்மை, வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன், கையை மட்டும் நீட்ட மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. டன் அவளைத் தலைமையாசிரியர் கில்கிறிஸ்ட்டிடம் அனுப்பினார். கில்கிறிஸ்ட் அவளை வீட்டுக்கு அனுப்பினார். கையில் அடி வாங்கச் சம்மதிக்கும்வரை பள்ளிக்குள் வரக்கூடாது என்பது உத்தரவு. அதில் புதிதாக எதுவும் இல்லை, அந்த நாட்டில் பல பள்ளிகளில் அதுதான் நடைமுறை.

மறுநாள் காலை நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். புதன்கிழமையும் நடந்தது, வியாழனும் நடந்தது, பள்ளி இல்லாத சனி ஞாயிறில் ஓய்ந்து திங்களன்று மறுபடி நடந்தது. எடின்பரோவிலிருந்து ஒரு நரம்பியல் நிபுணர் வந்து சுத்தியலால் முழங்கால்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்பது அடித்து, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தானும் கைகளை நீட்டினார். அதற்குப் பிறகு காரணம் தேடும் வேலையை ஊர் கைவிட்டது. காரணம் தெரிந்து என்ன செய்ய, ஏற்பாடு அல்லவா தேவை.

ஏற்பாட்டில் கார்ன்மூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பஸ்கள் ஒன்பதுக்குச் சற்று முன் எங்கே இருந்தாலும் ஓரங்கட்டி நின்றன. சுரங்கத்தில் வெட்டு இயந்திரங்கள் அந்நேரம் ஓய்ந்தன. அந்த நேரத்துக்கும் கூலி உண்டா என்று தொழிற்சங்கம் கேட்டது, நிர்வாகத்தின் சார்பில் பேச வந்தவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், முதல் பேச்சுவார்த்தையிலேயே விஷயம் முடிந்தது. மாதா கோயிலில் காலைத் திருமணங்கள் பத்துக்குத் தள்ளிப்போயின. மனைவிமார் சிலர் தங்கள் கைகள் தப்பித்த வீடுகளில், நீண்டு நின்ற கணவனின் உள்ளங்கைகளில் துவைத்து மடித்த துணிகளை அடுக்கிவைத்துவிட்டு, அது ஒன்றுக்காவது உதவுகிறதே என்றார்கள்.

யார் யார் அடி வாங்கியவர்கள் என்பது இப்படி ஊருக்குத் தெரியவந்தது. நூலகத்துப் பெக் அம்மையார் ஒரு புத்தகத்தின் நுனியைக்கூட மடிக்காதவர்; அவர் கைகள் எழுந்தபோது எதிரே நின்றவர்கள் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தார்கள். எல்லோருக்கும் வலது கை மேலே இருக்க அவருக்கு மட்டும் இடது கை மேலே இருந்தது. எட்டு வயதில் இடது கையால் எழுதியதற்காக அந்தக் கையிலேயே வாங்கியது என்று பிறகு அவரே சொன்னார். இன்னொரு பக்கம் டங்கன் ராய். தான் வாங்கிய அடிகளைப் பற்றி மதுக்கடையில் பல வருஷம் கதை சொல்லி, இலவசமாகக் குடித்துவந்தவர். முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் அவர் கைகள் மட்டும் சும்மா தொங்கின. மறுநாள் அவராகவே கைகளைத் தூக்கி நீட்டிக்கொண்டார், ஆனால் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். அடி வாங்கியவன் எவனும் அப்படி நீட்டமாட்டான். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரின் பெருந்தன்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

டாக்டரின் கையும் எழுந்தது. கிளினிக்கில், ஒரு சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தபோது, அந்த ஆள் இரண்டு கைகளை நீட்ட, டாக்டர் ஒரு கையை மட்டும் நீட்டினார். அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போய் மடங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் அப்படித்தான் நிற்க வேண்டும்.

"உங்க ஊர்லயுமா டாக்டர்?" என்றான் அவன்.

"உங்கட ஆக்கள்தானே வந்து படிப்பிச்சவை" என்று டாக்டர் தன்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவனுக்குப் புரியும் பாஷையில் சொன்னார். இவ்வளவு தூரம் எங்கள் வழக்கம் போயிருக்குமென்று நினைக்கவில்லை என்றான் அவன். பெருமையாகச் சொன்னானா வெட்கத்தோடு சொன்னானா என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை, அவனுக்கும் பிடிபட்டிருக்காது.

இதற்கிடையே நகராட்சித் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நீட்டிய கை அடிக்காக நீண்டிருக்கிறது, அடி விழாததால்தான் தினமும் எழுகிறது, ஒருமுறை விழுந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். வெளியூர்க்காரர் எவரும் இந்தத் தர்க்கத்தைக் கேட்டுச் சிரித்திருப்பார். கார்ன்மூரில் யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய கையில் அதைத் தவிர வேறு எதுவும் வந்து விழும் என்று அவர்களில் எவருக்கும் தெரியாது. அடிப்பதற்கு ஆள்தான் கிடைப்பது கடினமாக இருந்தது, ஏனென்றால் ஊரில் இருந்த ஆசிரியர்கள் எல்லோருமே அடி வாங்கி வளர்ந்தவர்கள், அந்நேரம் அவர்கள் கைகளும் நீண்டிருக்கும். கடைசியில் ஓய்வு பெற்ற பிரி டீச்சரைக் கண்டுபிடித்தார்கள். போதகரின் மகளாக வீட்டிலேயே படித்தவர், வாழ்நாளில் ஒரு அடி வாங்காதவர், கொடுத்ததில் குறைவைக்காதவர்.

சுரங்கத் தொழிலாளர் மண்டபத்தில் வரிசை நின்றது. ஒன்பது அடித்ததும் கைகள் எழ, பிரி டீச்சர் தன் பழைய வாரோடு முதல் ஆளிடமிருந்து தொடங்கினார், மெதுவாகத்தான் போட்டார். நாலாவதாக நின்றவர் பேரப்பிள்ளைகள் கண்டவர், தலை முழுக்க நரைத்தவர். அடி விழுந்ததும் பழக்கதோஷத்தில், "நன்றி, மிஸ்" என்றார்.

பிரி டீச்சரின் கை இறங்கியது. "அப்பவும் நீ இதைத்தான் சொன்னே ஆல்பர்ட்," என்றார். "அப்ப எனக்கு இது காதில விழல."

வாரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடி வாங்கிய நால்வரின் கைகளும் மறுநாள் மற்றவர்களுடையதைப் போலவே எழுந்தன, சிவந்த கோடுகளோடு. அந்த வைத்தியம் அத்தோடு முடிந்தது.

சுகிர்தா தினமும் காலையில் சீருடை அணிந்து பள்ளி வாசல்வரை போய், உள்ளே வரலாமா என்று காவலாளியிடம் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். முதலில் ஊர் அவள்மீது கோபமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் கையை நீட்டியிருந்தால் நம் கைகள் நீண்டிருக்காது என்று சொன்னவர்கள் உண்டு, டாக்டரிடம் போகாமல் இருமலைப் பொறுத்துக்கொண்டவர்களும் உண்டு. லோரிமர் அம்மாள்தான் முதலில் வேறு மாதிரி யோசித்தார். ரொட்டி வேகும் நேரம் மணியோடு சேர்ந்துவருகிறது, அடுப்பு பள்ளிக்கூடத்தின் பேச்சைக் கேட்காது. ஒருநாள் பள்ளி வாசலிலிருந்து திரும்பிய சுகிர்தாவைக் கடைக்குள் கூப்பிட்டார். மணி அடித்தது, லோரிமர் அம்மாளின் கைகள் நீண்டன, ரொட்டி வெந்து வாசம் எழும்பியது, சுகிர்தா கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுத்து, மர அகப்பையால் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வைத்தாள். தெருவில் அந்த நேரத்தில் வேலை செய்த வளர்ந்த கைகள் அவை மட்டும்தான்.

அதன்பிறகு அவளுக்கு ஓய்வில்லை. சரிவில் யாரோ ஒரு தாயின் கையிலிருந்து நழுவும் குழந்தைத் தள்ளுவண்டியைப் பிடிக்க, தபால் நிலையத்தில் நீண்ட கைகளிலிருந்து சரியும் பொட்டலங்களை வாங்க, முதியோர் இல்லத்தில் பாதியில் நின்ற கஞ்சிக் கரண்டியை வாய்வரை கொண்டுசேர்க்க, ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று ஊர் அவளைக் கேட்டு வைத்துக்கொண்டது. அவளுடைய கைகள் சின்னவை, மைக்கறை படிந்தவை, நகம் கடித்தவை. ஊரார் அவற்றைப் பார்த்த பார்வையில் மரியாதை வந்துவிட்டிருந்தது. ஆனால் பள்ளிக் கதவைத் திறக்கச் சொல்ல ஒருவரும் போகவில்லை. பள்ளி விஷயம் பள்ளியோடு.

அந்த வருஷம் அவளுக்குப் பொதுத்தேர்வு. பள்ளி பெயர் கொடுத்தால்தான் எழுதலாம், கையை நீட்டினால்தான் பள்ளி பெயர் கொடுக்கும். தேர்வு நெருங்க நெருங்க டாக்டர் உறக்கம் கெட்டார். அரிசியும் பருப்பும் கறியும் ஆறிப்போக, சாப்பாட்டு மேசையில் பேச்சு அதிலேயே சுற்றியது. தான் டாக்டரானது ஒரு வருஷமும் தவறாமல் படித்ததால்தான் என்றார். ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் அதன் பின்னால் மூன்று வருஷம் போகும் என்றார். கடைசியில், "ரெண்டே ரெண்டு அடி, பிள்ளை. நான் எத்தனை வாங்கினனான். செத்தா போனனான்?" என்றார்.

"சாகேல்லை அம்மா. ஆனா இந்த வயசிலயும் ஒன்பது மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறியள்," என்றாள் சுகிர்தா. "ரெண்டு அடியோட முடியும் எண்டு சொல்லாதேங்கோ. அடுத்த நாளில இருந்து என்ட கையும் எழும்பும்."

டாக்டர் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மகள் பின்னாலேயே வந்தாள். தாய் அழுவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. சரி அம்மா, நாளைக்குப் போவம் என்றாள்.

ஒன்பது மணிக்கு முன்னரே விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று கில்கிறிஸ்ட் சொல்லி அனுப்பினார். அவர் கொடூரமானவர் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் காசில் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர், சுரங்கம் இடிந்த இரவு முழுக்க வாயிலில் நின்றவர், ஊரில் பாதிப்பேரை அவர்தான் அடித்திருந்தார், அந்தப் பாதிப்பேரும் அவரைக் கண்டால் தொப்பியைத் தொட்டார்கள். கைகள் எழத் தொடங்கியதிலிருந்து அவர் காலையில் வாசலில் நிற்பதில்லை, அறையைச் சாத்திக்கொள்வார் என்பதை மட்டும் சிலர் கவனித்திருந்தார்கள்.

செய்தி எப்படிப் பரவியதோ, அன்று காலை தாயும் மகளும் பள்ளிக்குள் போனபோது வாசலில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, தட்டி இல்லை. லோரிமர் அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார், இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கரி முகத்தோடு வந்திருந்தார்கள், பெக் அம்மையார் நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். எதற்கு வந்தீர்கள் என்று காவலாளி கேட்டான். வீட்டில் இருக்க முடியவில்லை என்றார்கள்.

அறைக்குள் கில்கிறிஸ்ட் கோட்டைத் திறந்து தோளிலிருந்து வாரை எடுத்தார். டாக்டரின் சம்மதம் வாயால் சொல்லப்பட வேண்டும் என்றார். டாக்டர் மகளைப் பார்த்தார், மகள் கைகளைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "இல்லை. என்னால சம்மதிக்க ஏலாது," என்றார் டாக்டர், தமிழில். கில்கிறிஸ்ட்டுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவை ஏற்படவில்லை. அதற்குள் மணி அடித்தது.

டாக்டரின் வலது கை நீண்டது. ஜன்னலுக்கு வெளியே, வாசலில் நின்ற அத்தனை பேரின் கைகளும், அந்த மனிதர் முப்பது வருஷம் அடித்த கைகள் எல்லாம், அவர் அறையை நோக்கி ஒரே நேரத்தில் நீண்டன. அதே பள்ளியில் படித்த கில்கிறிஸ்ட்டின் கைகளும் நீண்டன, ஒன்றின்மேல் ஒன்றாக, வார் குறுக்கே கிடக்க.

அந்தக் கைகளின் மேலிருந்து வார் வழுக்கத் தொடங்கியது. சுகிர்தா முன்னால் போய் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஒரு பள்ளிப் பையனைப்போல நின்றுகொண்டு அவர் அவளைப் பார்த்தார். "அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டார். இத்தனை வாரத்தில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

அவள் சொன்னாள். டன் மாஸ்டர் கோபத்தில் கோட்டுக்குள் கையைவிட்டு இழுத்தபோது வந்தது வார் அல்ல. வீட்டில் ஒரே ஆணியில் இரண்டையும் மாட்டியிருப்பார் போல, வந்தது நாயைக் கட்டும் வார், கழுத்துப்பட்டையோடும் கிண்கிணி மணியோடும். அதைப் பார்த்துச் சிரித்ததற்கு அடிக்க, பக்கத்து வகுப்பில் போய் ஒரு வார் இரவல் வாங்கிவந்தார்.

கில்கிறிஸ்ட் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், தோள்கள் குலுங்கின, பிறகு கைகளை நீட்டியபடியே சிரித்தார், கண்ணில் வந்ததைத் துடைக்கக் கை இல்லாமல் சிரித்தார். டாக்டர் தன் இடது கையை முதுகிலிருந்து எடுக்கமுடியாமல் சிரித்தார். கைகள் இறங்கியதும் கில்கிறிஸ்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் பாடம் என்ன என்று சுகிர்தாவிடம் கேட்டார். கணக்கு என்றாள். தாமதமாகிவிட்டது, போய் உட்கார் என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் கார்ன்மூர்ப் பள்ளியின் வார்கள் எல்லாம் ஒரு அலமாரிக்குள் போயின. நாட்டில் மற்ற பள்ளிகளில் அடி தொடர்ந்தது. அரசுப் பள்ளிகளில் அடியை நிறுத்தும் தீர்மானம் பல வருஷம் கழித்துத்தான் லண்டன் நாடாளுமன்றத்தில் வென்றது, அதுவும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். கார்ன்மூரில் கைகள் எழுவதும் உடனே நிற்கவில்லை. வாங்கிய அடி வாங்கியதுதானே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கைகள் எழவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு நாளில் கேள்வித்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு டன் மாஸ்டர் மண்டபத்தின் முன்னால் நின்றார். ஒன்பது அடித்தது. அவர் கைகள் தாள்களோடு நீண்டன, மாணவர்களின் கைகளும் வரிசை வரிசையாக மேசைகளுக்குமேல் நீண்டன. தேர்வு தொடங்கும் நேரம் அதுதான், நாடு முழுவதற்கும் அதே நேரம், முடியும் நேரத்திலும் மாற்றம் இல்லை. சுகிர்தா எழுந்து போய் டன் மாஸ்டரின் கைகளிலிருந்து தாள்களை எடுத்து, ஒவ்வொரு மேசையிலும் வைத்துக்கொண்டே வந்து, கடைசித் தாளோடு தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. சுவரில் கடிகாரம் ஓடியது. அந்த மண்டபத்தில் எழுத முடிந்த ஒரே கை அவளுடையது.

அவள் பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, மற்றவர்களின் கைகள் இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.